அமைச்சருக்குப் பதில் எழுதிய காலம்

காலையில் பேரவைத் தலைவர் ஒரு திருக்குறளைப் படித்துப் பொருளும் சொல்லி முடித்ததும் கேள்வி நேரம் தொடங்கும். உறுப்பினர் வினாவின் எண்ணைச் சொல்வார். அமைச்சர் எழுந்து கையிலுள்ள தாளைப் பார்த்து இரண்டு வரி படிப்பார். அந்த இரண்டு வரியை எழுதியது யார் என்று யாரும் கேட்டதில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. தலைமைச் செயலகத்தின் ஏதோ ஒரு பிரிவில், ஜன்னலை மறைக்கும் உயரத்துக்கு அடுக்கிய கோப்புக் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஓர் உதவிப் பிரிவு அலுவலர் எழுதியிருப்பார். என் பணிக்காலத்தின் பெரும்பகுதியில் அந்த ஆள் நான்தான்.

எந்தத் துறை, எந்த ஆட்சி என்று சொல்லப் போவதில்லை. முதியோர், விதவைகள், மாற்றுத் திறனாளிகள் என்று ஆதரவு தேவைப்படுபவர்களின் காகிதம் வந்து சேரும் இடம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆட்சி மாறினால் சுவரில் படம் மாறும், பதில் எழுதுகிற மேசை மாறாது. 2010இல் பேரவை ஓமந்தூரார் வளாகத்துக்குப் போனது. 2011இல் திரும்பக் கோட்டைக்கே வந்தது. போட்ட கட்டடம் பிறகு ஆஸ்பத்திரி ஆகிவிட்டது. நாங்கள் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு அங்கும் இங்கும் அலைந்ததைத் தவிர எங்கள் வேலையில் அதனால் ஒரு மாற்றமும் இல்லை.

கூட்டத்தொடர் தொடங்கப் போகிறது என்றால் பிரிவில் முதலில் மாறுவது லீவு விண்ணப்பங்களின் கதி. 'எல்.ஏ.க்யூ. இருக்கு', அதாவது சட்டமன்ற வினா இருக்கிறது, என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கல்யாணத்துக்குக்கூட அரைநாள் அனுமதிதான். 234 உறுப்பினர்களில் யார் எதைக் கேட்பார்கள் என்று தெரியாது. வினா பேரவைச் செயலகம் வழியாக எங்களிடம் வரும். நாங்கள் துறைத் தலைமைக்கும் மாவட்டத்துக்கும் விவரம் கேட்டு எழுதுவோம். வந்ததை வைத்து வரைவு தயாரித்தால் அது பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர், செயலாளர் என்று ஏறி, அமைச்சரிடம் போய்த் திரும்பும். நட்சத்திரக் குறியிட்ட வினா என்றால் கூடுதல் வேலை. அவையில் துணைக் கேள்வி எழும். அதற்காக அமைச்சருக்குத் தனியே ஒரு குறிப்பு போட வேண்டும். அந்தக் குறிப்பில்தான் உண்மை இருக்கும். பதிலில் அவ்வளவு இருக்காது.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பிரிவு அலுவலர் வெற்றிலை போடுகிறவர். வாயில் வெற்றிலையோடுதான் பாடம் நடத்துவார். "தம்பி, கேட்டதுக்கு மட்டும் பதில். கேக்காததைச் சொன்னா அது பதில் இல்ல, வாக்குமூலம்." பெரும்பாலான வினாக்கள் அந்தப் பாடத்துக்கு வசதியாகவே வந்தன. இன்ன ஊரில் இன்னது அமைக்க (அ) அரசு முன்வருமா, (ஆ) ஆம் எனில் எப்போது, (இ) எவ்வளவு செலவில்? நாங்கள் (அ) இல்லை என்று எழுதுவோம். (ஆ), (இ) இரண்டுக்கும் சேர்த்து 'எழவில்லை'. டைப் அடிக்கிற நேரம்கூட ஆகாது. கேட்ட உறுப்பினருக்கும் பெரிய வருத்தம் இருக்காது. தொகுதியில் போய் 'சட்டமன்றத்தில் பேசிவிட்டேன்' என்று அவர் சொல்லிக்கொள்ளலாம், அதில் பொய்யும் இல்லை.

அதே பிரிவு அலுவலர்தான் புதிதாக வருகிறவர்களுக்கு டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் கதையையும் சொல்வார். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் முந்த்ரா என்ற வியாபாரியின் கம்பெனிப் பங்குகளில் போடப்பட்டதை 1957இல் மக்களவையில் கிளப்பியவர் பெரோஸ் காந்தி. ஆளுங்கட்சி உறுப்பினர், போதாததற்குப் பிரதமரின் மருமகன். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் பதவி விலகினார். "அதனால ஒவ்வொரு வினாவையும் டி.டி.கே. வினா மாதிரி நெனச்சுக்கிட்டுப் பதில் எழுது" என்பார். நான் பார்த்தவரை அந்த அளவுக்கு ஒரு வினாவும் வரவில்லை. ஆனால் பயப்பட வைத்த வினாக்கள் வந்தன, முக்கால்வாசி ஒரே ஆளிடமிருந்து.

அவரை டீச்சர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், அவருடைய கட்சிக்காரர்கள் உட்பட. ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வேலை பார்த்துவிட்டு அரசியலுக்கு வந்தவர். மழை பொய்த்தால் ஆண்கள் வெளியூர் போய்விடுகிற ஒரு வறண்ட தொகுதி. அவையில் பின்வரிசை. முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்தால் தலைவரை வாழ்த்தி, தலைவரின் தலைவரை வாழ்த்தி, தொகுதி மக்களுக்கு நன்றி சொல்லி, பேரவைத் தலைவர் "கேள்விக்கு வாங்க" என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் கேள்விக்கே வருவார்கள். டீச்சருக்கு அந்தப் பழக்கம் இல்லை. எழுவார், கேட்பார், உட்கார்வார். அதனாலேயே அவரைத் திமிர் பிடித்தவர் என்று சொன்னவர்களும் உண்டு.

எங்கள் பிரிவுக்கு வந்த அவருடைய முதல் வினா முதியோர் உதவித்தொகை பற்றியது. 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தமிழ்நாட்டில் தொடங்கிய திட்டம் அது. தொகையை உயர்த்த அரசு முன்வருமா என்று கேட்பதுதான் வழக்கம். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் தயாராகவே இருந்தது, தேதியை மட்டும் மாற்றினால் போதும். டீச்சர் உயர்த்தச் சொல்லவில்லை. தன் தொகுதியிலுள்ள ஒரு வட்டத்தின் பெயரைப் போட்டு, முந்தைய நிதியாண்டில் அந்த வட்டத்தில் உதவித்தொகை நிறுத்தப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டிருந்தார். அவர்களில் இறந்தவர்கள் எத்தனை பேர், ஊரை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர், மணியார்டர் திரும்பி வந்தது என்ற ஒரே காரணத்துக்காக நிறுத்தப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பது அடுத்த பகுதி. மூன்றாம் பகுதியில், நிறுத்துவதற்கு முன் அவர்களுக்கு எழுத்து மூலம் அறிவிப்பு தரப்பட்டதா என்று கேட்டிருந்தார்.

பிரிவு அலுவலர் அதைப் படித்துவிட்டு எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். 'இல்லை' என்று எழுத இடமில்லை. 'எழவில்லை' என்றும் எழுத முடியாது. 'விவரங்கள் சேகரிக்கப்பட்டு வருகின்றன' என்று எழுதலாம்தான், ஆனால் ஒரே ஒரு வட்டத்தின் கணக்கைச் சேகரிக்க முடியவில்லை என்று அமைச்சரை அவையில் நிறுத்திச் சொல்ல வைக்க எந்தச் செயலாளருக்கும் துணிச்சல் வராது. மாநிலம் முழுவதற்கும் கேட்டிருந்தால் நாங்கள் தப்பித்திருப்போம். லட்சக்கணக்கில் ஓர் எண்ணைப் போட்டு, திட்டத்தின் பெருமையை நாலு வரி சேர்த்தால் முடிந்தது. சின்னதாகக் கேட்டதால் மாட்டிக்கொண்டோம்.

அன்று மாலையே மாவட்டத்துக்கு ஃபேக்ஸ் போனது. இரவு ஒன்பது மணிக்கு நானே தனி வட்டாட்சியரின் வீட்டுக்குப் போன் போட்டேன். "சார், ரெண்டு நாள் டைம் குடுங்க" என்றார். குரலில் தூக்கம் இல்லை. ரெண்டு நாளில் ஒரு கணக்கு வந்தது. அடுத்த நாள் அதைத் திருத்தி இன்னொரு கணக்கு. மணியார்டர் திரும்பியதால் நிறுத்தப்பட்டவர்கள் என்ற எண்ணிக்கை முதலில் வந்ததைவிட இரண்டாவதில் கணிசமாகக் குறைந்திருந்தது. ஏன் குறைந்தது என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அதுல பாதிப் பேர் ஊர்லதான் இருக்காங்க சார். விஏஓ நேர்ல போய்ப் பாத்துட்டாரு. ரெஸ்டோர் பண்ண ஆர்டர் போட்டுட்டோம்" என்றார்.

அந்தப் பதிலைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்டது மகிழ்ச்சியா எரிச்சலா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. கரும்பு வெட்டுக்கோ செங்கல் சூளைக்கோ மகன் குடும்பத்தோடு கிளம்பும்போது பாட்டியையும் பேரனைப் பார்த்துக்கொள்ளக் கூட்டிப் போவார்கள். தபால்காரர் வரும் நாளில் வீடு பூட்டியிருக்கும். பணம் திரும்பும். அடுத்தடுத்து திரும்பினால் பட்டியலிலிருந்து பெயர் போகும். பாட்டி ஊர் திரும்பி, மூன்று மாதம் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து மனு கொடுத்து, கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை, வருவாய் ஆய்வாளர் அறிக்கை என்று மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த மனுக்களால் நகராத காகிதம், கோட்டையிலிருந்து ஒரு வினா கிளம்பிவிட்டது என்றதும் மூன்று நாளில் நகர்ந்தது.

வினா அவையில் எடுக்கப்படவே இல்லை. அன்றைய பட்டியலில் பின்னால் இருந்தது. முன்னால் இருந்த வினாக்களில் ஒன்றுக்குத் துணைக் கேள்வி, அதற்கு ஒரு துணைக் கேள்வி, இடையே ஒரு சிலேடை, ஆளுங்கட்சி வரிசையில் மேசை தட்டல், எதிர்க்கட்சி வரிசையில் கூச்சல் என்று ஒரு மணி நேரம் தீர்ந்தது. எடுக்கப்படாத வினாக்களின் பதில் அவையின் மேசையில் வைக்கப்பட்டதாகக் கருதப்படும். மறுநாள் செய்தித்தாளில் வெளிநடப்புப் படம்தான். நாங்கள் மூன்று நாள் தூங்காமல் எழுதிய பதிலைப் படித்தவர் உலகத்திலேயே டீச்சர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

சில வாரம் கழித்து மானியக் கோரிக்கை விவாதம் நடந்த ஒரு நாளில் கோட்டை கேன்டீனில் அவரைப் பார்த்தேன். உளுந்து வடையைப் பிய்த்து வைத்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நான் போய் இன்னார் என்று சொன்னேன். பேசக் கூடாது என்று எழுதாத விதி ஒன்று உண்டு, ஆனாலும் ஆசை விடவில்லை.

"அந்தப் பதில்ல ரெண்டாவது கணக்குதான போட்டீங்க தம்பி?" என்றார்.

முதல் கணக்கு ஒன்று இருந்தது இவருக்கு எப்படித் தெரியும் என்று நான் முழித்தேன். அவர் சிரித்தார். கிளை அஞ்சலகத்தில் உட்கார்ந்து திரும்பிப் போன மணியார்டர்களைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் வினாவே எழுதினாராம். தபால்காரரைக் கேட்டால் கிழவிகளின் நிலவரம் தெரியும், பால்வாடி ஆயாவைக் கேட்டால் குழந்தைகளின் நிலவரம், ரேஷன் கடையில் எடை போடுகிற பையனைக் கேட்டால் அரிசியின் நிலவரம். "விடை தெரியாத கேள்வியை அங்க கேக்கக் கூடாது தம்பி. பரீட்சைல கேள்வித்தாள் போடுற வாத்தியாருக்கு விடை தெரிஞ்சிருக்கணும்ல?" வடைக்குக் காசு கொடுக்க நான் கை நீட்டியதைத் தடுத்துவிட்டார்.

அவையில் அவர் கேட்டதில் எனக்கு மறக்காதது எங்கள் துறை சம்பந்தப்பட்டதே அல்ல. வேறொரு வேலையாக அதிகாரிகள் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆரம்ப சுகாதார நிலையம் பற்றிய வினா. சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலைப் பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பது தேசிய அளவுகோல். அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு புதிய நிலையம் கேட்பதுதான் உறுப்பினர்களின் வாடிக்கை. டீச்சர் இருக்கிற நிலையத்தைப் பற்றிக் கேட்டார். 24 மணி நேரமும் இயங்கும் என்று வாசலில் பலகை இருக்கிறது, இரவில் யார் இருக்கிறார்கள்? அமைச்சர் தாளைப் பார்த்து, அந்நிலையத்துக்கு மூன்று செவிலியர் பணியிடங்கள் அனுமதிக்கப்பட்டுள்ளன, சுழற்சி முறையில் பணிபுரிகிறார்கள் என்றார். நல்ல பதில். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

டீச்சர் எழுந்தார். "மூணு பணியிடமா, மூணு பேரா?"

அவ்வளவுதான் கேள்வி. அமைச்சர் நிமிர்ந்து மாடத்தைப் பார்த்தார். எனக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்தவர் வேர்த்துப்போய்ப் புரட்டினார். ஒரு துண்டுச் சீட்டு கைமாறிக் கீழே போனது. அமைச்சர் அதைப் படித்தார். அவர் மறைக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும்: ஒருவர் பணியில் இருக்கிறார், ஒருவர் மகப்பேறு விடுப்பு, இன்னொருவர் மாவட்ட மருத்துவமனைக்கு மாற்றுப் பணியில் அனுப்பப்பட்டிருக்கிறார். எதிர்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. டீச்சர் சிரிக்கவில்லை. "அந்த ஒருத்தர் எப்பத் தூங்குவாங்கன்னு மாண்புமிகு அமைச்சர் சொன்னா நல்லாருக்கும்" என்று சொல்லி உட்கார்ந்தார். அமைச்சர், மாற்றுப் பணியில் இருப்பவர் மாத இறுதிக்குள் திரும்ப அனுப்பப்படுவார் என்று எழுந்து சொன்னார்.

தேதி சொன்னதுதான் விஷயம். அவையில் அமைச்சர் இன்ன நாளுக்குள் என்று சொல்லிவிட்டால் அது அரசு உறுதிமொழிக் குழுவின் பட்டியலுக்குப் போகும். குழு அதை விடாது. ஆண்டுகள் கழிந்தாலும் 'நிறைவேற்றப்பட்டதா' என்று கடிதம் வரும், மாவட்டத்துக்கே ஆய்வுக்கு வந்து நிற்பார்கள். அதனால்தான் நாங்கள் எழுதும் வரைவுகளில் 'உரிய நேரத்தில்', 'நிதி நிலைமைக்கேற்ப' என்பவை இருக்குமே தவிர ஒரு மாதத்தின் பெயர் இருக்காது. அன்று மாடத்தில் சீட்டு எழுதியவருக்கு மாலையில் நல்ல திட்டு. செவிலியர் மாதம் முடியும் முன்பே வந்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அமைச்சர்களில் இரண்டு வகை பார்த்தேன். தாளை அவையில்தான் முதன்முறையாகப் பிரிப்பவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. விடிகாலை ஆறு மணிக்கு எங்களை வீட்டுக்கு வரச் சொல்லி, குறிப்பை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, "இதுக்கு அடுத்து அந்தம்மா என்ன கேப்பாங்க?" என்று கேட்ட ஒருவரும் இருந்தார். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாதவர். மாவட்டத்திலிருந்து வந்த கணக்கைப் பார்த்து, "இது ஆபீஸ்ல உக்காந்து போட்ட கணக்கு" என்று அவர் சொன்னால் சரியாக இருக்கும். டீச்சரைப் போன்ற ஓர் உறுப்பினர் அவையில் இருப்பது இந்த மாதிரி அமைச்சருக்கு உதவி என்பது என் கட்சி. தன் துறை தன்னிடம் சொல்லாததை எதிர்வரிசை கேட்டுத் தருகிறது.

பேரவை நூலகத்தில் பழைய நடவடிக்கைக் குறிப்புகள் தொகுதி தொகுதியாக உண்டு. டீச்சர் அங்கே போய் உட்கார்வார் என்று நூலகத்தில் வேலை பார்த்த நண்பர் சொன்னார். சட்டசபையில் கேள்வி கேட்கும் உரிமையே 1892ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அதிலும் ஒரு கேள்விதான், பதிலைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டும். துணைக் கேள்வி கேட்க 1909 வரை காத்திருந்தார்கள். 'மூணு பணியிடமா, மூணு பேரா' என்று கேட்பதற்கான இடம் அப்போதுதான் பிறந்தது. டீச்சர் விரும்பிப் படித்தது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையில் இருந்த ஆண்டுகளை. 1927இல் தேவதாசி முறைக்கு எதிரான தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் என்றுதான் நமக்கெல்லாம் அவரைத் தெரியும். அவர் பெயரிலுள்ள மகப்பேறு உதவித் திட்டத்தைப் பற்றி டீச்சர் ஒரு வினா அனுப்பினார். பயனாளிகள் எத்தனை பேர் என்று கேட்கவில்லை. ஒரு வட்டாரத்தில் ஒரு மாதத்தில் பிரசவமானவர்களுக்குக் குழந்தை பிறந்த நாளிலிருந்து பணம் கைக்கு வர எத்தனை நாள் ஆனது என்று கேட்டிருந்தார்.

அவர் கேட்டும் அசையாதவை உண்டு. முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு 1995இல் 75 ரூபாயாகத் தொடங்கிப் பிறகு 200 ஆனது. 80 வயதைத் தாண்டினால் 500. 60 முதல் 79 வரை உள்ளவர்களுக்கு அந்த 200 அப்படியே நின்றது. மாநிலம் தன் கையிலிருந்து போட்டு 2011இல் மொத்தத்தை 1,000 ஆக்கியது, 2023இல் 1,200. 200ஐ உயர்த்த மாநில அரசு என்ன செய்தது என்று அவர் கேட்டால், 'மத்திய அரசுக்குக் கடிதம் எழுதப்பட்டுள்ளது' என்று எழுதுவோம். எழுதப்பட்டது உண்மைதான். கடிதத்தின் தேதியைக் கேட்டார், கொடுத்தோம். பதில் வந்ததா என்று கேட்டார். வரவில்லை. சென்னையில் உட்கார்ந்து கேட்கிற கேள்வியின் கை டெல்லி வரை நீளாது. அங்கே கேட்க வேண்டியவர்கள் வேறு. மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழி பதிலுக்கு 20 வினா, எழுத்து பதிலுக்கு 230 வினா. அத்தனை இருந்தும் 2020 செப்டம்பரில் கொரோனாவைச் சொல்லிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டு எழுத்து பதில் மட்டும் போதும் என்றார்கள். அன்று தொலைக்காட்சியில் அந்தச் செய்தியைப் பார்த்து, அந்தப் பதில்களை எழுதுகிற டெல்லிக்காரர்கள் எவ்வளவு நிம்மதியாக இருப்பார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அடுத்த தேர்தலில் டீச்சருக்கு சீட் இல்லை. தொகுதி கூட்டணிக்குப் போய்விட்டது. அதற்காகத் தொகுதியில் ஒரு பஸ்கூட நிற்கவில்லை. உதவித்தொகை திரும்பக் கிடைத்த கிழவிகளுக்கு அது ஏன் கிடைத்தது என்றே தெரியாது, விஏஓ நல்லவர் என்று நினைத்திருப்பார்கள். 2022 ஜனவரியில் கேள்வி நேரத்தை நேரலையில் காட்டத் தொடங்கியபோது, இவர் இருந்த காலத்தில் இது இருந்திருந்தால் என்று நினைத்தேன். பிறகு அதையே மாற்றிக்கொண்டேன். கேமரா வந்த பிறகு வாழ்த்துரை நீண்டிருக்கிறதே தவிரக் குறைந்ததாகத் தெரியவில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த பிறகு எங்கள் மேசைக்கு வேறு மாதிரி வினாக்கள் வரத் தொடங்கின. தமிழ்நாடு 1997லேயே நாட்டில் முதலாவதாக அப்படி ஒரு சட்டம் போட்டது, ஆனால் பல் முளைத்தது 2005இல் வந்த மத்தியச் சட்டத்துக்குத்தான். சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலை ஒரு குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி வந்த மனுக்களில் சில, டீச்சர் எழுதியவை போலவே இருக்கும்: இந்த ஊர், இந்த மாதம், எத்தனை பேர். அதற்குப் பதில் தயாரிக்கையில் பழைய பயம் திரும்ப வரும். ஆனால் அந்த மனுவுக்காக எந்தத் தாசில்தாரும் ராத்திரி ஒன்பது மணிக்கு முழித்துக்கொண்டிருக்கவில்லை. அந்த வித்தியாசம் இன்னும் இருக்கிறது.

ஓய்வுபெற்ற பிறகு சில உறுப்பினர்களின் உதவியாளர்கள் வினா எழுத யோசனை கேட்டுப் போன் செய்வதுண்டு. போன மாதம் ஒரு பையன் பேசினான். அவனுடைய உறுப்பினரின் தொகுதியில் ஓய்வூதியம் வாங்கப் போகிற கிழவர்களுக்கு வங்கி முகவரின் கருவியில் கைரேகை விழவில்லையாம். வயலில் வேலை செய்து தேய்ந்த விரல். பணம் கணக்கில் இருக்கிறது, கைக்கு வருவதில்லை.

"எந்த ஊர், எத்தனை பேர், எந்த மாசத்துலேருந்து?" என்று கேட்டேன்.

"நெறையப் பேர் சார். பொதுவா, இதைச் சரிசெய்ய அரசு முன்வருமான்னு போட்டுடலாமே?"

போடலாம், 'முன்வரும்' என்று பதிலும் வரும் என்றேன். அவனுக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. முகவர் பணம் கொடுக்கிற நாளில் காலையிலிருந்து சாயங்காலம் வரை பக்கத்தில் உட்கார்ந்து, விரல் விழாமல் திரும்பிப் போகிறவர்களின் கணக்கை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். நாள் முழுக்கவா சார் என்றான். ஆமாம் என்றேன். ஐந்தாம் தேதி போவதாகச் சொல்லியிருக்கிறான்.